எட்டாத காது, முந்திய தேதி

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் வைத்துத்தான் எனக்கு வயதாகிவிட்ட விஷயம் தெரியவந்தது.

சாகித்திய அகாதெமி இளம் எழுத்தாளர்களுக்குக் கொடுக்கும் யுவ புரஸ்கார் விருதுக்கு அனுப்புவதற்காக என் சிறுகதைத் தொகுப்பு, நிரப்பிய விண்ணப்பம், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். கடைக்காரர் சான்றிதழைக் கண்ணாடி மேல் கவிழ்க்கும் முன் அதை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் விண்ணப்பத்தைப் பார்த்தார். முதியோர் உதவித்தொகையிலிருந்து பாஸ்போர்ட் வரைக்கும் தினம் நூறு படிவம் பார்க்கிற கண். "அண்ணாச்சி, 35 வயசுக்குள்ளன்னு போட்டிருக்கே. இந்தத் தேதிப்படி பார்த்தா நீங்க வரமாட்டீங்களே" என்றார்.

நான் வருவேன், என் அம்மாவின் கணக்குப்படி. நான் பிறந்தது தை மாதம், பூசத்துக்கு இரண்டு நாள் முன்னால். பாதயாத்திரைக் கூட்டம் வீட்டு வாசலில் மோர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தபோது அம்மாவுக்கு வலி வந்தது என்று இன்றும் சொல்வார். சான்றிதழில் இருப்பதோ அதற்கு எட்டு மாதம் முந்திய மே 25. முதல் வகுப்பில் சேர்க்கும்போது வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்களே, அந்தப் பரீட்சையில் நான் தோற்றுவிட்டேன். விரல் காதுக்கு எட்டவில்லை. ஆனால் அப்பாவுக்கு என்னை அந்த வருடமே சேர்த்தாக வேண்டும். தலைமையாசிரியர் நல்ல மனிதர். ஜூன் மாதம் ஐந்து வயது முடிந்திருக்கிற மாதிரி ஒரு தேதியை எழுதிச் சேர்த்துக்கொண்டார். என் வகுப்பில் பாதிப் பேருக்கு மே, ஜூனில்தான் பிறந்தநாள். உங்கள் வகுப்பிலும் அப்படித்தான் இருந்திருக்கும்.

யாராவது வயதைக் கேட்டால் வீட்டுக் கணக்கில் சொல்லியே பழகியவன் நான். படிவத்திலும் வயது என்ற இடத்தில் 35 என்று எழுதிவிட்டு, பிறந்த தேதிக் கட்டத்தில் மட்டும் சான்றிதழைப் பார்த்து எழுதியிருந்தேன். இரண்டும் ஒட்டவில்லை. இந்த விருதுக்கு அந்தந்த ஆண்டின் ஜனவரி 1 அன்று 35 வயதுக்கு மேல் போயிருக்கக் கூடாது. அந்த எட்டு மாதத்துக்குள் ஒரு ஜனவரி 1 வந்து உட்கார்ந்திருந்தது.

சரி, விடுங்கள் என்று பையை எடுத்துக்கொண்டேன். கடைக்காரர் காசு வாங்கிக்கொள்ளவில்லை.

முழுப் பழியையும் தலைமையாசிரியர் மேல் போட்டுவிட முடியாது. அந்தத் தொகுப்பு மூன்று வருடத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டியது. பதிப்பகத்தார் "இந்தப் புத்தகக் கண்காட்சிக்குக் கொண்டுவந்துடலாம்" என்றார். அந்த ஜனவரி போனது. மறு ஜனவரிக்குள் பக்க வடிவமைப்பு முடிந்தது, ஆனால் அட்டைப்படம் பிடிக்கவில்லை என்று நான் இழுத்தேன். அடுத்து ஒரு கதையை எடுத்துவிட்டு வேறு கதை சேர்க்கிறேன் என்றேன். அந்த வேறு கதை வருவதற்கு ஏழு மாதம் ஆனது. இத்தனைக்கும் தொகுப்பில் சுமாரான கதை அதுதான் என்று இன்றைக்கு நினைக்கிறேன்.

அன்று வீட்டுக்கு வந்து செய்த முதல் காரியம், அந்த விருதை இதுவரை யாரெல்லாம் வாங்கியிருக்கிறார்கள் என்று பார்த்ததுதான். வயிற்றெரிச்சல் என்றே சொல்லலாம், தப்பில்லை. அந்த வயிற்றெரிச்சலில் ஆரம்பித்த வாசிப்பு ஒன்றரை வருடம் நீண்டது. மாவட்ட மைய நூலகத்தில் கிடைத்ததைக் கிடைத்த வரிசையில் எடுத்தேன், கிடைக்காததைத் தபாலில் வரவழைத்தேன்.

சாகித்திய அகாதெமி தொடங்கியது 1954 மார்ச்சில். முதல் விருதுகள் 1955-இல். தமிழில் அந்த முதல் விருது ரா.பி. சேதுப்பிள்ளையின் 'தமிழின்பம்' என்ற கட்டுரை நூலுக்குப் போனது. அப்போது பரிசுத் தொகை 5,000 ரூபாய். அதற்கு மறு வருடம் கல்கிக்கு. அவர் 1954 டிசம்பரிலேயே காலமாகிவிட்டார். 1969-இல் பாரதிதாசனுக்கு, அவரும் இறந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. உயிரோடிருந்து வாங்கியவர்களும் பெரும்பாலும் தலை நரைத்த பிறகுதான் வாங்கினார்கள். லா.ச. ராமாமிர்தத்துக்கு 1989-இல் கிடைத்தபோது வயது 73. அசோகமித்திரனுக்கு 1996-இல், 65 வயதில். ஜெயகாந்தனுக்கு 1972-இல் 38 வயதில் கிடைத்ததை அதிசயம் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த ஜெயகாந்தன்கூட யுவ புரஸ்காருக்கு என்றால் மூன்று வருடம் பிந்திவிட்டார். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

இளம் எழுத்தாளர்களுக்கென்று தனி விருது வர 2011 வரை ஆனது. முந்திய வருடம் சிறார் இலக்கியத்துக்கு பால சாகித்திய புரஸ்கார் தொடங்கியிருந்தார்கள்; அடுத்தது இது. அகாதெமி ஏற்றுக்கொண்ட 24 மொழிகளுக்கும் ஆளுக்கு ஒன்று. 50,000 ரூபாயும் செப்புப் பட்டயமும். மொழிக்கு மூன்று நடுவர்கள்; ஒருமனதாகவோ பெரும்பான்மையாகவோ தேர்வு செய்வார்கள். எழுத்தாளரோ பதிப்பாளரோ புத்தகத்தை அனுப்பலாம். அதனால்தான் நான் மஞ்சள் பையோடு கடைக்குப் போனது.

தமிழில் முதல் ஆண்டு ம. தவசியின் 'சேவல்கட்டு' நாவலுக்கு. அடுத்த ஆண்டு குமரி மாவட்டத்து மலர்வதியின் 'தூப்புக்காரி'. நான் முதலில் கையில் எடுத்தது இதைத்தான். துப்புரவு வேலை செய்யும் தாயும் அவள் மகளும். அந்த வேலையின் நாற்றத்தை அவர் 'கொடுமை, கொடுமை' என்று கத்திச் சொல்வதில்லை. அந்த வட்டாரப் பேச்சிலேயே போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகிறார். படித்த அன்று ராத்திரி என் தொகுப்பை எடுத்துப் புரட்டினேன். நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கர். பதினோரு வருடமாக நகைக்கடன் பைகளைக் கட்டி, அரக்கு வைத்து, மீட்க முடியாமல் அழுகிற பெண்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் பன்னிரண்டு கதைகளில் ஒன்றில்கூட ஒரு நகைப் பை இல்லை. எல்லாக் கதையிலும் யாரோ ஒருவன் மழையைப் பார்த்துக்கொண்டு காப்பி குடித்தான். எங்கள் பக்கம் மழை பெய்வதே வருடத்துக்கு நாலு நாள்.

அதற்குப் பிறகு பட்டியலை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். வீரபாண்டியனின் 'பருக்கை' கல்யாண வீடுகளில் பந்தி பரிமாறப் போகும் கல்லூரி மாணவர்களைப் பற்றியது. லட்சுமி சரவணகுமாரின் 'கானகன்' காட்டையும் வேட்டையையும் பற்றியது. கார்த்திக் பாலசுப்ரமணியனின் 'நட்சத்திரவாசிகள்' மென்பொருள் நிறுவனத்து மனிதர்களைப் பற்றியது. ஆர். அபிலாஷின் 'கால்கள்' போலியோ பாதித்த ஒரு பெண்ணைச் சுற்றி நடக்கிறது. விருது கிடைத்ததால் இவை உயர்ந்தவை என்று சொல்ல வரவில்லை. இவற்றில் ஒன்று எனக்கு ஒட்டவே இல்லை, பாதியில் மூடிவிட்டேன். ஆனால் இவற்றை எழுதியவர்கள் எல்லாரும் முப்பதுகளிலேயே தங்களுக்குத் தெரிந்த இடத்துக்குள் கால் வைத்து நின்றுவிட்டார்கள். நான் நாற்பதை நெருங்கியும் தெரியாத மழையில் நனைந்துகொண்டிருந்தேன்.

இன்னொரு விஷயமும் கண்ணில் பட்டது. முதல் ஆறு வருடத்தில் ஐந்து நாவல். நடுவே 2013-இல் மட்டும் கதிர்பாரதியின் கவிதைத் தொகுப்பு. 2017-க்குப் பிறகு நாவல் என்று வந்தது 2021-இல் ஒன்றே ஒன்று. 2017, 2019, 2020, 2022 கவிதைக்கு. 2018-இல் காரைக்குடியில் ஆயுர்வேத மருத்துவராக இருக்கும் சுனீல் கிருஷ்ணனின் சிறுகதைகளுக்கு. 2023-இல் ராம் தங்கம், 2024-இல் லோகேஷ் ரகுராமன், 2025-இல் லட்சுமிஹர் என்று மூன்று வருடம் தொடர்ந்து சிறுகதைதான். இதை வைத்து "இப்போ சிறுகதை சீசன்" என்று ஒரு நண்பர் கணக்குப் போட்டு, கையிலிருந்த நாவலை நிறுத்திவிட்டுக் கதை எழுத உட்கார்ந்தார். நடுவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். பட்டியலைப் பார்த்து வடிவத்தை முடிவு செய்வது, போன வாரம் விழுந்த லாட்டரி நம்பரை இந்த வாரம் வாங்குகிற வேலை. நாவல் இன்னும் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

விண்ணப்பமே கேட்காத விருதுகளும் உண்டு. விஷ்ணுபுரம் இலக்கிய வட்டம் மறைந்த கவிஞர் குமரகுருபரன் நினைவாக 2017 முதல் இளம் கவிஞர்களுக்குக் கொடுக்கும் விருது அப்படித்தான். அவர்களே படித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். முதல் விருது சபரிநாதனுக்குப் போனது. அதே சபரிநாதனின் 'வால்' தொகுப்புக்கு 2019-இல் யுவ புரஸ்கார். அகாதெமிக்கு முன்பே சிறுபத்திரிகை வட்டம் கண்டுகொண்டுவிட்டது என்று இதைப் படிக்கலாம். நான் அப்படித்தான் படிக்கிறேன். உங்கள் கதை வந்த இதழை நாலு நல்ல வாசகர்கள் படித்தார்களா என்பதுதான் முதல் சுற்று. அந்தச் சுற்றுக்கு ஜனவரி 1 கிடையாது.

வயது வரம்பு ஆளை என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு கதை உண்டு. அங்கே இளைஞர்களின் அச்சேறாத நாவல்களுக்கென்று வோகல் என்ற பரிசை ஆரம்பித்தார்கள். 1980-இல் முதல் பரிசு வாங்கிய பையன் பதினாறு வருடம் கழித்து வாய் திறந்தான்: நாவலை எழுதியது தான் இல்லை, தன் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் என்று. பெரியவர் வயது வரம்பைத் தாண்டியவர். ஜெராக்ஸ் கடையில் நின்ற அன்று இந்தக் கதை எனக்குத் தெரிந்திருந்தால் என் சித்தி மகன் பெயரை யோசித்திருப்பேனோ என்னவோ. அவன் ஒரு கடிதம் எழுதினால்கூட மூன்று பிழை இருக்கும். யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

என் தொகுப்பு வந்த நாலாவது மாதம் ஒரு போன் வந்தது. "சார், உங்க புத்தகத்தை எங்க குழு தேர்வு பண்ணியிருக்கு. இளம் படைப்பாளி விருது. சால்வை, கேடயம், சான்றிதழ், மதிய சாப்பாடு." மனைவிக்குக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். ரொம்ப சந்தோஷம் என்றேன். "பதிவுக் கட்டணம் 3,500 மட்டும் அனுப்பிடுங்க. குடும்பத்தோட வந்தா தலைக்கு 250 தனி." மனைவி அடுப்படியிலிருந்தே கேட்டாள்: "சாப்பாடு மட்டும் 250-ன்னா, மிச்சம் 3,250-க்கு சால்வையா?" புத்தகத்தில் எந்தக் கதை பிடித்தது என்று நான் அவரிடம் கேட்டேன். "எல்லாமே சார்" என்றார். புத்தகத்தை அவருக்கு யார் அனுப்பினார்கள் என்று கேட்டேன். இணைப்பு துண்டிக்கப்பட்டது.

இதில் ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும். கேடயத்தை வரவேற்பறையில் வைத்திருக்கிறார்கள், நான் போனால் கண்ணைத் தவிர்க்கிறார்கள். நுழைவுக் கட்டணம் வாங்குகிற போட்டி எல்லாம் மோசடி என்று சொல்லமாட்டேன். ஆனால் 'உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டோம்' என்று சொன்ன பிறகு பணம் கேட்டால் அது விருது இல்லை, விற்பனை.

போன வருடம் எங்கள் சங்கத்துக்குத் தற்காலிக வேலைக்கு வந்த ஒரு பெண் கவிதை எழுதுகிறாள் என்று தெரிந்தது. வயது 27. முதல் தொகுப்பு தயாராக இருந்தது. என்னை அண்ணா என்று கூப்பிடுவாள். எனக்குக் கிடைக்காத பேருந்தில் அவளையாவது ஏற்றிவிட வேண்டும் என்று ஒரு வேகம் வந்தது. அவளுக்கு அந்த வேகமே இல்லை என்பது வேறு விஷயம்.

முதலில் சான்றிதழ்களை எடுத்துவரச் சொன்னேன். அவள் தேதி சரியாக இருந்தது. பிறப்புச் சான்றிதழிலும் பள்ளிச் சான்றிதழிலும் ஒரே நாள். என்னைப் போல இரண்டு பிறந்தநாள் இருப்பவர்கள் பள்ளித் தேதியை வைத்தே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எந்த அலுவலகமும் தைப்பூசத்தைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாது. ஆனால் அவள் விஷயத்தில் பெயர் உதைத்தது. கவிதைகள் ஒரு புனைபெயரில் வந்திருந்தன. பதிப்புரிமைப் பக்கத்திலும் அந்தப் பெயர் மட்டும்தான். புனைபெயர் வைத்தால் விருது வராது என்றில்லை. 2017-இல் வாங்கிய மனுஷியின் இயற்பெயர் ஜெயபாரதி. இரண்டு பேரும் ஒரே ஆள் என்று காட்டுகிற மாதிரி, புத்தகத்தின் பதிப்புரிமை வரியிலோ ஆசிரியர் குறிப்பிலோ இயற்பெயர் ஓரிடத்தில் இருந்துவிட்டால் பின்னால் தலைவலி இல்லை. நல்லவேளையாகப் புத்தகம் அப்போதுதான் அச்சுக்குப் போகக் காத்திருந்தது. மாற்றிவிட்டோம்.

அடுத்து அந்தப் பக்கத்தையே வரி வரியாகப் பார்த்தோம். அச்சகத்துக்கு அனுப்பும் முன் கதையை நாலு தடவை படிக்கிறோம், இந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை. என் புத்தகத்தில் முதற்பதிப்பு என்ற இடத்தில் மாதம் இருக்கிறது, வருடம் இல்லை! ஒவ்வொரு நூலுக்கும் தனியாகத் தரும் ஐ.எஸ்.பி.என். எண் பின்னட்டையில் ஒன்று, உள்ளே வேறொன்று. பரிசோ, நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் ஆணையோ, முதலில் புரட்டுவது இந்தப் பக்கத்தைத்தான். சென்னைப் புத்தகக் கண்காட்சியை ஒட்டி வரும் புத்தகங்களில் இன்னொரு சிக்கல்: டிசம்பர் கடைசியில் அச்சாகி ஜனவரியில் கடைக்கு வரும். எந்த வருடம் போடுவது? பல பரிசுகள் 'இந்த ஆண்டில் வெளியான நூல்' என்று கேட்கும். டிசம்பர் என்று போட்டால் புத்தகம் பிறந்த பத்தாம் நாளே ஒரு வயது கூடிவிடுகிறது. என் தலைமையாசிரியர் செய்த அதே வேலை. அவள் பதிப்பாளரிடம் பேசி ஜனவரி என்று போட வைத்தாள். அவள்தான் பேசினாள், நான் பக்கத்தில் சும்மா நின்றேன்.

பதிப்பாளரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கவும் சொன்னேன்: எத்தனை பிரதி அடிக்கிறார், ஆசிரியருக்கு எத்தனை, உரிமைத் தொகை எவ்வளவு, போட்டிகளுக்கு யார் அனுப்புவது, அந்தப் பிரதிகளும் தபால் செலவும் யார் கணக்கு. எனக்கு இந்தக் கடைசிக் கேள்விதான் பாடம் புகட்டியது. பதிப்பகம் அனுப்பும் என்று நானும், நான் அனுப்புவேன் என்று அவர்களுமாக ஒரு பரிசின் கடைசித் தேதி சத்தமில்லாமல் போனது. முந்நூறு பிரதி அடிக்கிற புத்தகத்துக்கு ஒப்பந்தமா என்று சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே கையெழுத்தும் போடுவார்கள், கேட்டால்.

அவள் ஒரே ஒரு விஷயத்தில் என் பேச்சைக் கேட்கவில்லை. தொகுப்பில் 41 கவிதைகள் இருந்தன. ஒரு வாரம் கழித்து 29 ஆக்கிக்கொண்டு வந்தாள். "அண்ணா, இந்தப் பன்னிரண்டும் வேற யாரோ எழுதின மாதிரி இருக்கு. எடுத்துட்டேன்." புத்தகம் மெலிந்துவிடுமே, பதிப்பாளர் பக்கம் போதாது என்பாரே, கண்காட்சிக்கு வராமல் போய்விடுமே என்று நான் பதறினேன். பக்கம் போதாது என்று பதிப்பாளரும் சொன்னார். "அப்போ அடுத்த வருஷம் பார்ப்போம் சார்" என்றாள் அவள், சாதாரணமாக. கையில் எட்டு வருடம் வைத்திருக்கிறவளுக்கு அது சுலபம் என்று முதலில் நினைத்தேன். என் பன்னிரண்டு கதைகளை மறுபடி எண்ணிப் பார்த்தபோது, நான் 27 வயதில் இருந்திருந்தாலும் ஒன்றைக்கூட எடுத்திருக்க மாட்டேன் என்று தோன்றியது.

இரண்டு நாள் கழித்துப் பதிப்பாளரே இறங்கி வந்தார். எழுத்தளவைக் கொஞ்சம் கூட்டி, கவிதைக்குக் கவிதை பக்கம் விட்டு, 80 பக்கத்தில் ஜனவரியிலேயே கொண்டுவந்துவிட்டார்.

இந்த முறை அதே ஜெராக்ஸ் கடைக்கு இரண்டு பேரும் போனோம். கடைக்காரர் சான்றிதழைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இவங்க வருவாங்க" என்றார். விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். அந்தத் தாளில் எழுத்து ஆறு மாதத்தில் மங்கிவிடும்.

நான் இப்போது ஒரு நகைப் பையைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு கிராம் மூக்குத்தி, ஏழு தடவை மறு அடகு. கதை ஆறு பக்கத்தில் நிற்கிறது. நேற்று மதியம் அவள் என் மேஜைக்கு வந்து நின்றாள்.

"அண்ணா, அந்தப் படிவத்துல என் இனிஷியலைப் பேருக்குப் பின்னாடி எழுதிட்டேன். சான்றிதழ்ல முன்னாடி இருக்கு. ஏதாவது ஆகுமா?"

போனிலிருந்த ரசீதின் படத்தைத் தேடி எடுக்கச் சொன்னேன்.